அம்மாவைப் பார்த்துக்கொள்வது ஓய்வுநாளை மீறுவதா?

வாசகர் கேள்வி:

ஐயா, என் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒரு பக்கம் அசைவில்லை, பேச்சும் குழறுகிறது. நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். பல மாதங்களாக ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை. என் அண்ணன் சபையில் மூப்பராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். போன வாரம் அவர் வந்தபோது நான் அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். "ஓய்வுநாளில் இப்படி வேலை செய்தால் இந்த வீட்டுக்கு எப்படி ஆசீர்வாதம் வரும்? நீ கீழ்ப்படியாததால்தான் அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை" என்றார். வேதத்தில் ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றதைச் சொன்னார். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற வசனத்தையும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் பாவம் செய்கிறேனா?

பதில்:

அன்புச் சகோதரி,

இல்லை, நீங்கள் பாவம் செய்யவில்லை. தூக்கமில்லாமல் இருக்கிறவரிடம் விளக்கங்களை அடுக்கிவிட்டுப் பதிலைக் கடைசியில் சொல்வது நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மாவின் விரிப்பைத் துவைத்ததும், மருந்து கொடுத்ததும், ஆராதனைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் இருந்ததும் ஓய்வுநாளுக்கு விரோதமான காரியங்கள் அல்ல. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், வேதத்தை நான் புரிந்துகொண்டிருக்கிறபடி அவை அந்த நாளுக்கே உரிய காரியங்கள்.

அதை விளக்குவதற்கு முன்னால், நீங்கள் கீழ்ப்படியாததால்தான் அம்மா எழுந்திருக்கவில்லை என்ற பேச்சை இன்றைக்கே மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ வருவதுதான் பக்கவாதம். மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு பாதிக்கப்பட்டது, சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, பிறகு பயிற்சிகள் எப்படி நடக்கின்றன, வயது என்ன, இப்படிப் பலவற்றைப் பொறுத்துத்தான் குணமாவது இருக்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தாளா என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்பதுதான். இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்று இயேசு நேராக மறுத்துவிட்டு, தரையில் துப்பி, சேறு உண்டாக்கி, அந்த மனிதரின் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொன்னார். அந்த நாளும் ஓய்வுநாள்தான். நோய்க்குப் பாவத்தைக் காரணம் காட்டுகிற பழக்கமும் ஓய்வுநாளைச் சொல்லிக் குற்றம் பிடிக்கிற பழக்கமும் அந்த ஒரே அதிகாரத்தில் சேர்ந்தே வருகின்றன, இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓய்வுநாள் பற்றிய விவாதங்களில் "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்ற மாற்கு 2:27 எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இந்த வசனத்தைத் தெரிந்தவர்கள்கூட மனதுக்குள் ஒரு திருத்தம் வைத்துக்கொள்கிறார்கள்: உயிர் போகிற அவசரம் என்றால் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம், மற்றபடி விதி விதிதான் என்று. சுவிசேஷங்களை மெதுவாக வாசித்தால் அந்தத் திருத்தத்துக்கு இடமில்லை என்பது தெரியும்.

இயேசு ஓய்வுநாளில் குணமாக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். சூம்பின கையுடைய மனிதர், 18 வருஷமாகக் கூனியாயிருந்த ஸ்திரீ, பெதஸ்தா குளத்தருகே 38 வருஷமாக வியாதியாயிருந்தவர், நீர்க்கோவை வியாதியுள்ளவர், பிறவிக் குருடர். இவர்களில் யாரைப் பற்றியும் அன்றைக்கு விட்டால் உயிர் போய்விடும் என்று எழுதப்பட்டிருக்கவில்லை. 18 வருஷம் கூன் முதுகோடு வாழ்ந்தவருக்கு இன்னும் ஒரு நாள் காத்திருப்பது முடியாத காரியமா? லூக்கா 13-ல் ஜெப ஆலயத்தலைவன் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். வேலை செய்வதற்கு ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சொஸ்தமாக்கிக்கொள்ளுங்கள் என்றான். அதையும் இயேசுவிடம் சொல்லவில்லை, ஜனங்களைப் பார்த்துச் சொன்னான். பாரத்தைச் சுமக்கிறவர்கள் மேல் கோபத்தைத் திருப்புவது எப்போதும் சுலபம், உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

அந்தத் தலைவன் சொன்னதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. நாளை செய்யலாமே, ஏன் இன்றைக்கு? இயேசுவின் பதில்: உங்கள் மாட்டையோ கழுதையையோ ஓய்வுநாளில் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை இந்தக் கட்டிலிருந்து ஓய்வுநாளில் அவிழ்த்துவிட வேண்டாமா? இது விதிவிலக்கு கேட்கிற பேச்சு இல்லை. விடுதலை கொடுக்க இதைவிடப் பொருத்தமான நாள் ஏது என்கிறார். ஏனென்றால் அந்த நாள் முதலில் கொடுக்கப்பட்டதே விடுதலையானவர்களுக்குத்தான். யாத்திராகமம் 20 ஓய்வுநாளுக்குச் சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொல்கிறது, உபாகமம் 5 சொல்லும் காரணம் வேறு: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை அங்கேயிருந்து புறப்படப்பண்ணினார், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும். யாத்திராகமம் 23:12 எருதையும் கழுதையையும் அந்நியனையும்கூட அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. ஒரு வீட்டில் கடைசியாக ஓய்வு கிடைப்பவர் யாரோ அவரை முன்னால் வைத்து எழுதப்பட்ட கற்பனை, அதாவது கட்டளை, இது.

இங்கே யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை, நம் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் தவறாகவே சொல்லப்படுகிறது. அவர்களுடைய நியாயப்பிரமாணத்தில் இரக்கத்துக்கு இடமில்லை என்று நினைக்காதீர்கள். மக்கபேயர் காலத்தில், அதாவது கிரேக்க ஆட்சியை எதிர்த்து யூதர்கள் கலகம் செய்த நாட்களில், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சுமார் ஆயிரம் பேர் மடிந்த பிறகு, இனி தாக்கினால் ஓய்வுநாளிலும் எதிர்த்துப் போராடுவோம் என்று அவர்களின் தலைவரான மத்தத்தியாவும் அவருடன் இருந்தவர்களும் முடிவெடுத்ததை மக்கபேயர் முதல் நூல் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகளை 39 வகையாகப் பட்டியலிட்ட அதே மிஷ்னாதான், அதாவது யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்புதான், உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தாலே போதும், அது ஓய்வுநாளைத் தள்ளிவிடும் என்றும் சொல்கிறது. ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஓய்வுநாளிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று பேசிய ரபீக்களும், அதாவது யூத வேத போதகர்களும், உண்டு. மறுபுறம் அதைவிடக் கடுமையானவர்களும் இருந்தார்கள். சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்றான தமஸ்கு நூல், ஓய்வுநாளில் ஒரு மிருகம் குழியில் விழுந்தால் தூக்கக் கூடாது என்கிறது. உங்களில் ஒருவனுடைய ஆடு ஓய்வுநாளில் குழியில் விழுந்தால் பிடித்துத் தூக்கிவிட மாட்டானா என்று மத்தேயு 12-ல் இயேசு கேட்பதை இந்தப் பின்னணியில் வாசித்தால், உயிரோடிருந்த ஒரு விவாதத்துக்குள் நின்று அவர் பேசினார் என்பது புரியும். ஆட்டைத் தூக்குகிற சாதாரண மக்களின் பக்கம் அவர் நின்றார், ஆட்டைப் பார்க்கிலும் மனுஷன் எவ்வளவோ விசேஷித்தவன் என்றார்.

அதே அதிகாரத்தில்தான் ஓசியா தீர்க்கதரிசியின் வார்த்தையையும் எடுக்கிறார்: "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்பது என்னவென்று அறிந்தீர்களானால், குற்றமில்லாதவர்களை ஆக்கினைக்குட்படுத்தமாட்டீர்கள்." இந்த வசனத்தின் இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரக்கத்தை அறியாதவன் என்ன செய்வான் என்பதை அது சொல்கிறது. குற்றம் இல்லாத ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவான். ஓய்வுநாளில் பசித்து, கதிர்களைக் கொய்து தின்ற சீஷர்களுக்காகச் சொன்ன வார்த்தை இது, உங்களுக்கும் பொருந்தும்.

மாற்கு 3-ஐயும் ஒருமுறை வாசியுங்கள், சத்தமாக, முடிந்தால் அம்மாவுக்கும் கேட்கும்படி. சூம்பின கையுடையவரை எழுந்து நடுவே நிற்கச் சொல்லிவிட்டு இயேசு கேட்கிறார், ஓய்வுநாட்களில் நன்மை செய்வதா தீமை செய்வதா, ஜீவனைக் காப்பதா அழிப்பதா, எது நியாயம்? குற்றம்பிடிக்கக் காத்திருந்த பரிசேயர் பேசாமலிருந்தார்கள். அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டார், கோபத்துடனே அவர்களைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. இயேசு கோபப்பட்டதாக அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் சுவிசேஷங்களில் அதிகம் இல்லை. கை குணமானதும் பரிசேயர் புறப்பட்டுப்போய், ஏரோதியரோடு, அதாவது ஏரோதின் ஆதரவாளர்களோடு, சேர்ந்து அவரைக் கொலைசெய்ய ஆலோசனை பண்ணினார்கள். குணமாக்குவதை வேலை என்று எண்ணியவர்களுக்கு அந்த ஆலோசனை வேலையாகத் தெரியவில்லை. விதியை மட்டும் பிடித்துக்கொண்டு மனிதரை விட்டுவிட்டால் ஒருவர் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான ஒரு பக்கம் எனக்குத் தெரியாது.

உங்கள் அண்ணன் சொன்ன இரண்டு வசனங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எண்ணாகமம் 15-ல் வரும் விறகு பொறுக்கியவனின் சம்பவம் கடினமான பகுதிதான், அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அறியாமல் செய்கிறவனுக்கு மன்னிப்பு உண்டு, துணிகரமாய், கர்த்தரை நிந்தித்துச் செய்கிறவனுக்குத் தண்டனை என்று சொல்லி முடித்த கையோடு இந்தச் சம்பவம் வருகிறது. துணிந்து கற்பனையை அவமதிப்பதற்கு உதாரணமாகத்தான் அது நிற்கிறது. அசைய முடியாத தாயின் ஈரமான விரிப்பை மாற்றுகிற மகளிடம் என்ன துணிகரம் இருக்கிறது? படுத்தே இருப்பவரின் தோல் ஒரே பக்கமாக அழுந்தியோ ஈரத்திலோ கிடந்தால் படுக்கைப்புண் வரலாம், புண் ஆழமானால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காகத்தான் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். தோலுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. அந்தப் பழைய தண்டனையை எடுத்து வந்து யார் மேலும் வீச இயேசு ஒருபோதும் முன்வரவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எபிரெயர் 10:25-ல் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று இருப்பது உண்மை. அதற்கு முந்தைய வசனத்தை அண்ணன் வாசித்துக் காட்டினாரா? அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து, என்றுதான் அந்த வாக்கியமே ஆரம்பிக்கிறது. கூடிவருவது ஒருவரையொருவர் கவனிப்பதற்காக. வர முடியாத ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, வரவில்லை என்று அவர்மேலேயே அந்த வசனத்தைப் பிரயோகிப்பது வாக்கியத்தை நடுவில் வெட்டி எடுப்பது. ஆரம்ப கால சபை இதை எப்படிச் செய்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கி.பி. 155 வாக்கில் கிறிஸ்தவ அறிஞரான ஜஸ்டின் மார்ட்டிர் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை விவரிக்கும்போது, திருவிருந்தின் பங்கை வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றும், சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போனது என்றும் எழுதுகிறார். வராதவரைத் தேடிச் சபை போனது.

பிறகு வந்த சபைகளும், எவ்வளவு கண்டிப்பானவையாக இருந்தாலும், இதை மறக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதியவர்கள் ஞாயிறு விஷயத்தில் மிகவும் கறாரானவர்கள், உலகக் காரியங்களைப் பற்றிய பேச்சுகூட அன்றைக்குக் கூடாது என்றவர்கள். அவர்களே அந்த நாளை ஆராதனையிலும், அவசியமும் இரக்கமுமான கடமைகளிலும் செலவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். இரக்கத்தை அவர்கள் விதிவிலக்குப் பட்டியலில் வைக்கவில்லை, ஆசரிப்பின் ஒரு பாகமாகவே வைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நோயையும் குழந்தைப் பராமரிப்பையும் ஞாயிறு திருப்பலிக்கு வராதிருக்க நியாயமான காரணங்களாகச் சொல்கிறது. சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரின் மருத்துவமனைகளில் சனிக்கிழமையும் நோயாளிகள் கவனிக்கப்படுகிறார்கள். எந்த நாள் ஓய்வுநாள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, இதில் இல்லை.

இன்னொன்று சொல்லாமல் விடக் கூடாது. ஓய்வுநாள் கற்பனைக்கு அடுத்து வரும் கற்பனை எது? உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக. லேவியராகமம் 19:3 தாய் தகப்பனுக்குப் பயந்திருப்பதையும் ஓய்வுநாட்களை ஆசரிப்பதையும் ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்கிறது. மாற்கு 7-ல், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டால் அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். பக்தியைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவது தேவ வசனத்தை அவமாக்குவது என்றார். இதை உங்கள் அண்ணன் வாசிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தாய் அப்படிக் கிடப்பதைப் பார்க்கும் பயத்தில், ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று மனது பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தவறு, அதைத் தவறு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு ஓய்வு எப்போது? பல மாதங்களாக வாரத்தின் ஏழு நாளும், இரவிலும் எழுந்து பார்த்துக்கொண்டு, ஒரு நாள்கூட இளைப்பாறாமல் இருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஓய்வுநாள் மீறப்படுகிறது என்றால், இளைப்பாற வேண்டிய நீங்கள் இளைப்பாறாமல் விடப்பட்டிருப்பதில்தான் மீறப்படுகிறது. அந்தக் குற்றம் உங்கள்மேல் வராது. உதவி செய்யக்கூடியவர்கள் ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது அது. இரக்கம் பெரிது என்று நான் இவ்வளவு எழுதியதை, நீங்கள் இன்னும் அதிகமாக உங்களை வருத்திக்கொள்ள அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். களைப்பில் சில நேரம் அம்மாமேலேயே எரிச்சல் வரும், அது வந்தால் அன்பு குறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், உடம்பு ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். இயேசுவும் தமது வழக்கத்தின்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4 சொல்கிறது. ஆராதனை உங்களுக்கும் வேண்டும், விசுவாசிகளின் முகங்களைப் பார்ப்பதும் வேண்டும். குற்ற உணர்ச்சி உங்களை இழுத்துக்கொண்டு போகிற இடமாக அது ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே அண்ணனிடம் வேத விவாதத்துக்குப் போகாதீர்கள், அவர் மூப்பர், வசனத்துக்கு வசனம் சொல்வார், இருவருக்கும் காயம்தான் மிஞ்சும். வேலையாகக் கேளுங்கள்: "அண்ணா, நான் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்வது எனக்கும் ஆசைதான். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையில் நீங்கள் அம்மாவோடு இருங்கள், நான் போய்விட்டு வருகிறேன்." அவர் சம்மதித்தால், அதற்கு முன் ஒரு நாள் வரச் சொல்லி, அம்மாவை எப்படித் திருப்ப வேண்டும், விரிப்பை எப்படி மாற்ற வேண்டும், ஊட்டும்போது ஏன் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், படுத்தபடி ஊட்டினால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சில ஞாயிறுகள் அப்படி இருந்து பார்த்தால், துவைப்பதைப் பற்றிய அவருடைய எண்ணம் மாறவும் வாய்ப்பிருக்கிறது.

அவர் மறுத்தால் உங்கள் போதகரிடம் நேராகப் பேசுங்கள். அண்ணன்மேல் புகாராக வேண்டாம், இரண்டு கோரிக்கைகளாகச் சொல்லுங்கள்: அம்மாவுக்கும் உங்களுக்கும் வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுக்க வேண்டும், சபையிலுள்ள பெண்கள் யாராவது முறைவைத்து வந்து சில மணி நேரம் அம்மாவோடு இருக்க வேண்டும். உங்களுக்கு வசதியான கிழமைகளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள், "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடாமல் இருக்க அது உதவும். அப்படிக் கிடைக்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் துவைக்காதீர்கள், சமைக்காதீர்கள். தூங்குங்கள்.